வகுத்தாலும் போச்சு, கழித்தாலும் போச்சு

முதல்ல இந்த ரெண்டு வரியைப் பாருங்க. 1985-86 ஸ்காட்லாந்து பிரீமியர் டிவிஷன் கால்பந்து லீக். கடைசி ஆட்டம் முடிந்தபிறகு பட்டியலின் உச்சியில் இருந்த இரண்டு அணிகள் இவை.

செல்டிக்: 36 ஆட்டம், 20 வெற்றி, 10 டிரா, 6 தோல்வி. அடித்த கோல் 67, வாங்கிய கோல் 38. புள்ளி 50.

ஹார்ட்ஸ்: 36 ஆட்டம், 20 வெற்றி, 10 டிரா, 6 தோல்வி. அடித்த கோல் 59, வாங்கிய கோல் 33. புள்ளி 50.

வெற்றி, டிரா, தோல்வி மூன்றும் ஒன்றே. அப்போ வெற்றிக்கு 2 புள்ளிதான். இப்போ மாதிரி 3 புள்ளி கொடுத்திருந்தாலும் இரண்டு பேருக்கும் 70, மறுபடி சமம். அப்போ யார் சாம்பியன்? கீழே படிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நீங்களே யோசிச்சு ஒரு பதிலை முடிவு பண்ணிக்கோங்க. எப்படி முடிவு பண்ணீங்க என்பதும் முக்கியம். கழித்துப் பார்த்தீங்களா, வகுத்துப் பார்த்தீங்களா?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றித்தான். கால்பந்து பிடிக்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். பத்தாம் வகுப்பு பின்னக் கணக்கு தெரிந்தால் போதும்.

ஹார்ட்ஸின் முழுப்பெயர் ஹார்ட் ஆஃப் மிட்லோதியன். எடின்பரோ நகரத்து அணி, 1874இல் தொடங்கியது. சொந்த மைதானம் டைன்காசல். ஸ்காட்லாந்து கால்பந்து என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கிளாஸ்கோவின் இரண்டு பெரிய அணிகள்தான், செல்டிக்கும் ரேஞ்சர்ஸும். ஆனால் 1950களில் ஹார்ட்ஸ் அந்த இருவரையும் கதிகலங்க வைத்த அணி. 1957-58 சீசனில் 34 ஆட்டத்தில் 132 கோல் அடித்தார்கள், வாங்கியது வெறும் 29. 1960இல் இன்னொரு முறை லீக்கை ஜெயித்தார்கள். அதற்கப்புறம் இறங்குமுகம். 1977, 1979, 1981 என்று மூன்று முறை கீழ் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டார்கள். 1981இல் வாலஸ் மெர்சர் கிளப்பை வாங்கினார். அலெக்ஸ் மெக்டொனால்ட் மேனேஜர் ஆனார். அவருக்குத் துணையாக ரேஞ்சர்ஸில் அவரோடு ஆடிய சாண்டி ஜார்டின் வந்து சேர்ந்தார். 1983இல் மேல் டிவிஷனுக்குத் திரும்பினார்கள். அதாவது 1985 ஆகஸ்டில் லீக் தொடங்கும்போது, இந்த அணி சாம்பியன் ஆகும் என்று சொன்னால் எடின்பரோவிலேயே சிரித்திருப்பார்கள்.

தொடக்கமும் அப்படித்தான் இருந்தது. முதல் நாள் டைன்காசலில் செல்டிக்கோடு 1-1 டிரா. கையில் இருந்த வெற்றியைக் கடைசி நேரத்தில் பால் மெக்ஸ்டே கோல் அடித்துப் பிடுங்கினார். இதை மனசுல வைங்க. அடுத்த வாரம் பெய்ஸ்லி ஊரில் லவ் ஸ்ட்ரீட் மைதானத்தில் செயின்ட் மிரன் அணியிடம் 6-2 என்று அடி வாங்கினார்கள். இதையும் மனசுல வைங்க, லவ் ஸ்ட்ரீட் மறுபடி வரும். முதல் 8 ஆட்டத்தில் 5 தோல்வி.

அப்புறம் என்ன நடந்தது என்று யாராலும் சரியாக விளக்க முடியவில்லை. அக்டோபர் முதல் ஏப்ரல் கடைசி வரை லீக்கில் 27 ஆட்டம், ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. ஜான் ராபர்ட்சன், ஜான் கால்கூன், சாண்டி கிளார்க் முன்னால். கேரி மெக்கே நடுவில். பின்னால் இளம் கிரெய்க் லெவைன், அவருக்குப் பக்கத்தில் 37 வயது ஜார்டின். அந்த ஆண்டு ஸ்காட்லாந்து கால்பந்து எழுத்தாளர்கள் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தது அந்த 37 வயதுக்காரரைத்தான். கோல் வாங்காமல் ஆடுவதுதான் இந்த அணியின் பலம். கடைசி நாளுக்கு முன்னால் 35 ஆட்டத்தில் 31 கோல்தான் வாங்கியிருந்தார்கள். அதிலும் 6 கோல் அந்த ஒரே லவ் ஸ்ட்ரீட் மதியத்தில் போனது.

1986 மே 3, சனிக்கிழமை. கணக்கு இப்படி நிற்கிறது. ஹார்ட்ஸ் 50 புள்ளி, 59 அடித்து 31 வாங்கி, வித்தியாசம் +28. செல்டிக் 48 புள்ளி, 62 அடித்து 38 வாங்கி, வித்தியாசம் +24. ஹார்ட்ஸ் டண்டீ நகரத்தில் டென்ஸ் பார்க்கில் டண்டீயோடு ஆடுகிறது. ஒரு டிரா போதும். செல்டிக்குக்கு லவ் ஸ்ட்ரீட்டில் செயின்ட் மிரனோடு ஆட்டம். ஹார்ட்ஸ் தோற்க வேண்டும், செல்டிக் குறைந்தது 3 கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். இரண்டும் ஒரே மதியத்தில் நடக்க வேண்டும்.

ஹார்ட்ஸ் முகாமில் அந்த வாரம் காய்ச்சல் புகுந்துவிட்டது. லெவைன் ஆடவே முடியவில்லை. லவ் ஸ்ட்ரீட்டில் இடைவேளைக்குள்ளேயே செல்டிக் 4-0. பிரையன் மெக்ளேர் 2, மோ ஜான்ஸ்டன் 2, மெக்ஸ்டே 1 என்று முடிவில் 5-0. டென்ஸ் பார்க்கில் எடின்பரோவிலிருந்து வந்திருந்த கூட்டத்துக்கு டிரான்சிஸ்டர் வழியாகச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. ஆனாலும் இங்கே 0-0. 0-0 போதும். 60 நிமிடம், 70 நிமிடம், 80 நிமிடம்.

டண்டீ அணி ஒரு சப்ஸ்டிட்யூட்டை இறக்கியிருந்தது. பெயர் ஆல்பர்ட் கிட். அந்த சீசனில் அதுவரை லீக்கில் ஒரு கோல்கூட அடிக்காதவர். 83ஆவது நிமிடம், ஒரு கார்னர், பந்து கிட்டிடம் வந்தது, உள்ளே. 1-0. ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது அவரே இன்னொன்று. 2-0. ஹார்ட்ஸ் கேப்டன் பெயரும் கிட்தான், வால்டர் கிட். சொந்தம் கிடையாது. விதி சில சமயம் பெயரில்கூட விளையாடும்.

27 ஆட்டம் தோற்காத அணி 7 நிமிடத்தில் லீக்கை இழந்தது. ஒரு வாரம் கழித்து, மே 10, ஹாம்ப்டன் பார்க்கில் ஸ்காட்டிஷ் கப் இறுதி ஆட்டம். எதிரே அலெக்ஸ் ஃபெர்குசனின் அபர்டீன். அதிலும் 3-0 தோல்வி. ஏழு நாளில் இரண்டு கோப்பையும் போயாச்சு.

இப்போ கணக்குக்கு வருவோம். 1986இல் விதி கோல் வித்தியாசம். அதாவது கழித்தல். செல்டிக் 67 − 38 = 29. ஹார்ட்ஸ் 59 − 33 = 26. மூன்று கோல் வித்தியாசத்தில் செல்டிக் சாம்பியன்.

ஆனால் இந்த விதி எப்போதும் இருந்ததில்லை. 1970களின் தொடக்கம் வரை ஸ்காட்லாந்தில் விதி கோல் சராசரி. அடித்ததை வாங்கியதால் வகுக்க வேண்டும். அந்தப் பழைய விதியை 1986 பட்டியலில் போட்டுப் பாருங்க. கால்குலேட்டர் எடுங்க.

செல்டிக் 67 ÷ 38 = 1.763. ஹார்ட்ஸ் 59 ÷ 33 = 1.788.

ஹார்ட்ஸ் சாம்பியன்!

'அடப்பாவமே, விதியை மாத்தாம இருந்திருக்கலாமே' என்று தோன்றுகிறதா? இருங்க. அந்த விதி ஏன் மாறியது என்று பார்க்க 21 வருஷம் பின்னால் போகணும்.

1965 ஏப்ரல் 24. அதே ஹார்ட்ஸ், இந்த முறை சொந்த மண்ணில், டைன்காசலில். லீக்கின் கடைசி நாள். எதிரே யார் தெரியுமா? இரண்டாம் இடத்தில் இருக்கும் கில்மார்னாக் அணியே! முந்தைய ஐந்து சீசனில் நான்கு முறை இரண்டாம் இடத்தில் முடித்த அணி, ஒருமுறைகூட லீக்கை ஜெயித்ததில்லை. மேனேஜர் வில்லி வாடெல். ஆட்டத்துக்கு முன்னால் ஹார்ட்ஸ் 50 புள்ளி, 90 அடித்து 47 வாங்கியது. கில்மார்னாக் 48 புள்ளி, 60 அடித்து 33 வாங்கியது.

கில்மார்னாக் ஜெயித்தால் புள்ளி சமம். எத்தனை கோலில் ஜெயிக்க வேண்டும்? 1-0 என்றால் ஹார்ட்ஸ் 90 ÷ 48 = 1.875, கில்மார்னாக் 61 ÷ 33 = 1.848. போதாது. 2-1 என்றால் ஹார்ட்ஸ் 91 ÷ 49 = 1.857, கில்மார்னாக் 62 ÷ 34 = 1.824. போதாது. 2-0 என்றால்? ஹார்ட்ஸ் 90 ÷ 49 = 1.837, கில்மார்னாக் 62 ÷ 33 = 1.879. போதும்!

அதாவது ஹார்ட்ஸ் ஒரு கோலில் தோற்றாலும் சாம்பியன். தொடக்கத்தில் நார்வேக்காரர் ரோல்ட் யென்சன் அடித்த பந்து கோல் போஸ்டில் பட்டுத் திரும்பியது. 27ஆவது நிமிடம் டேவி ஸ்னெடன் கில்மார்னாக்குக்கு ஒரு கோல். 29ஆவது நிமிடம் பிரையன் மெக்கில்ராய் இன்னொன்று. அதற்கப்புறம் ஒரு மணி நேரம். ஹார்ட்ஸுக்கு ஒரே ஒரு கோல் தேவை, ஜெயிக்கக்கூட வேண்டாம், 2-1 என்று தோற்றால் போதும். கடைசி நேரத்தில் ஆலன் கார்டன் அடித்ததை கோல்கீப்பர் பாபி ஃபெர்குசன் தடுத்தார். 2-0. கில்மார்னாக் வரலாற்றில் முதல் லீக் பட்டம். வித்தியாசம் 0.042.

இப்போ அதே 1965 பட்டியலில் கழித்துப் பாருங்க. ஹார்ட்ஸ் 90 − 49 = 41. கில்மார்னாக் 62 − 33 = 29. 12 கோல் வித்தியாசத்தில் ஹார்ட்ஸ் சாம்பியன்! அந்த நாளில் கழித்தல் விதி இருந்திருந்தால், கில்மார்னாக் 8 கோலில் ஜெயித்திருந்தால்கூட வித்தியாசம் சமமாகத்தான் வந்திருக்கும்.

சரி, அடுத்து என்ன நடந்திருக்கும்? வகுத்தல் வேண்டாம், கழித்தலைக் கொண்டு வாங்க என்று வாதாடியவர்களில் முன்னால் நின்றது ஹார்ட்ஸ். விதி மாறியது. அந்த மாறிய விதிதான் 1986இல் அவர்கள் கையிலிருந்து லீக்கைப் பறித்தது. வகுத்தபோது கழித்தல் காப்பாற்றியிருக்கும். கழித்தபோது வகுத்தல் காப்பாற்றியிருக்கும். நான் இதை முதல் தடவை கணக்குப் போட்டபோது எங்கேயோ தப்பு பண்ணிட்டேன் என்று நினைத்து மூன்று முறை திரும்பப் போட்டேன்.

இது வெறும் துரதிர்ஷ்டமா, இல்லை இதுக்குள்ள ஒரு கணக்கு இருக்கா? இருக்கு. இனிமேல்தான் பாடம்.

1986இல் ஹார்ட்ஸிலிருந்து செல்டிக்குக்குப் போவோம். செல்டிக் கூடுதலாக அடித்தது 8 (67 − 59). கூடுதலாக வாங்கியது 5 (38 − 33). அதாவது செல்டிக் என்பது 'ஹார்ட்ஸ், கூடவே ஒரு 8-5'.

கழித்தல் விதி கேட்கும் கேள்வி: அந்த 8, அந்த 5ஐ விடப் பெரியதா? ஆமாம். எனவே செல்டிக் மேலே. 8 ÷ 5 என்ற பின்னம் 1ஐத் தாண்டினால் போதும்.

வகுத்தல் விதி கேட்கும் கேள்வி வேறு. (59 + 8) ÷ (33 + 5) என்ற பின்னம் 59 ÷ 33ஐ விடப் பெரியதா? இங்கே ஒரு அழகான பழைய உண்மை இருக்கு. இரண்டு பின்னத்தின் மேல் எண்களையும் கீழ் எண்களையும் தனித்தனியாகக் கூட்டிப் புதுப் பின்னம் உண்டாக்கினால், அது எப்போதும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் விழும். நல்ல காபியில் தண்ணிக் காபியை ஊற்றினால் நடுத்தரக் காபி வருமே, அது மாதிரி. 59 ÷ 33 = 1.788. அதில் 8 ÷ 5 = 1.6 ஐ ஊற்றுகிறோம். 1.6 தண்ணி. எனவே கலவை 1.788க்குக் கீழே இறங்கியே ஆகணும். இறங்கியது, 1.763.

ஆக, வகுத்தல் விதியில் மேலே போகணும் என்றால் கூடுதல் பின்னம் 1ஐத் தாண்டினால் போதாது, எதிரியின் சொந்தச் சராசரியையே தாண்டணும். இரண்டு விதியும் எப்போது சண்டை போடும்? கூடுதல் பின்னம் 1க்கும் அந்தச் சராசரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால். 1986இல் 1.6 என்பது 1க்கும் 1.788க்கும் நடுவில். 1965இல் கில்மார்னாக்கிலிருந்து ஹார்ட்ஸுக்குப் போனால் கூடுதலாக அடித்தது 28, கூடுதலாக வாங்கியது 16, பின்னம் 1.75. அது 1க்கும் 1.879க்கும் நடுவில். அதே பொறி, அதே அணி, எதிர்ப்பக்கத்திலிருந்து.

சாம்பியன் ஆகும் அணிக்கெல்லாம் சராசரி 1.7, 2 என்று இருப்பதால் இந்தப் பொறி எப்போதும் அகலமாகத் திறந்தே இருக்கும். 1952-53 சீசனைப் பாருங்க. எடின்பரோவின் இன்னொரு அணியான ஹிபர்னியன் 93 அடித்து 51 வாங்கியது. ரேஞ்சர்ஸ் 80 அடித்து 39 வாங்கியது. இரண்டுக்கும் 43 புள்ளி. கூடுதல் பின்னம் 13 ÷ 12. ஒரு மயிரிழை 1ஐத் தாண்டியது, ஆனால் ரேஞ்சர்ஸின் 2.05க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அன்றைய விதி வகுத்தல், ரேஞ்சர்ஸ் சாம்பியன். கழித்திருந்தால் 42க்கு 41 என்று ஹிபர்னியன். இன்னொன்று, பட்டியலின் அடியில் கிடக்கும் அணிகளுக்குச் சராசரி 1க்குக் கீழே இருப்பதால் அங்கே பொறி தலைகீழாக வேலை செய்யும். அதை நீங்களே போட்டுப் பாருங்க.

கால்குலஸ் பிடித்தவர்களுக்கு ஒரு வரி. வகுத்தலில் வாங்கிய ஒரு கோலின் எடை, அடித்த ஒரு கோலின் எடையைப்போல் எத்தனை மடங்கு என்று பகுதி வகைக்கெழு எடுத்துப் பார்த்தால் விடை அந்த அணியின் சராசரியேதான். 1965 ஹார்ட்ஸுக்கு ஒரு கோல் வாங்கினால் கிட்டத்தட்ட 1.8 கோல் அடித்து ஈடுகட்டணும்.

எந்த விதி நல்லது? என் கருத்து, கழித்தல்தான். காரணம் இதோ. 1965 கடைசி நாளுக்கு முன் ஹார்ட்ஸ் சராசரி 90 ÷ 47 = 1.915. அடுத்த ஆட்டத்தில் அவர்கள் 3-2 என்று ஜெயித்தால்? 93 ÷ 49 = 1.898. ஜெயிச்சிருக்காங்க, ஆனா சராசரி இறங்குது! வெற்றி ஒரு அணியின் அளவுகோலைக் கீழே தள்ளுகிறது என்றால் அந்த அளவுகோலில் ஏதோ கோளாறு. கழித்தலில் இது நடக்கவே நடக்காது. இன்னொரு தொல்லை, ஒரு கோல்கூட வாங்காத அணியின் சராசரி என்ன? பூஜ்யத்தால் வகுக்கணும். லீக்கின் முதல் வாரப் பட்டியலில் இது அடிக்கடி வரும். இங்கிலாந்து லீக்கும் 1976-77இலிருந்து கழித்தலுக்கு மாறியது. உலகக் கோப்பை 1970இலேயே மாறிவிட்டது. ஐபிஎல் நெட் ரன் ரேட்டை எடுத்துக்கோங்க. அதில் வகுத்தல் உண்டு, ஓவருக்கு எத்தனை ரன் என்று. ஆனால் கடைசியில் அடித்த ரேட்டிலிருந்து கொடுத்த ரேட்டைக் கழிக்கத்தான் செய்கிறார்கள்.

இப்போ ஒரு முக்கியமான இடம். இதுவரை நான் சொன்னதைக் கேட்டு 'பழைய விதி இருந்திருந்தால் 1986இல் ஹார்ட்ஸ் சாம்பியன்' என்று வாட்ஸப் ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க. அப்படிச் சொல்பவர்கள் நிறைய. அது பாதி உண்மைதான்.

விதி மாறினால் பட்டியல் மட்டும் மாறாது, ஆடும் விதமே மாறும். லவ் ஸ்ட்ரீட்டில் இடைவேளைக்குள் 4 அடித்த செல்டிக், இரண்டாம் பாதியில் அடித்தது ஒன்றே ஒன்று. கையில் இருப்பதே தாராளம். இனி எல்லாம் டென்ஸ் பார்க்கில் நடப்பதைப் பொறுத்தது. பழைய விதி இருந்திருந்தால்? ஹார்ட்ஸ் 2-0 என்று தோற்கும்போது செல்டிக்குக்குத் தேவை 68 கோல். 59 ÷ 33 × 38 = 67.94, அதைத் தாண்டணும். அதாவது 6-0. அவர்கள் அடித்தது 5. ஒரே ஒரு கோல் குறைவு! அந்த ஒரு கோல் வேணும் என்று தெரிந்திருந்தால் செல்டிக் இரண்டாம் பாதியில் சும்மா இருந்திருக்குமா?

மறுபக்கமும் பாருங்க. டென்ஸ் பார்க்கில் 83ஆவது நிமிடம் 1-0 ஆனதும் ஹார்ட்ஸ் +27, செல்டிக் +29. ஒரு கோல் அடித்தே ஆகணும். எல்லோரும் முன்னால் பாய்ந்தார்கள், பின்னால் இடம் திறந்தது, இரண்டாவது கோல் விழுந்தது. பழைய விதியில் 1-0 தோல்வி ஹார்ட்ஸுக்குப் போதும். 59 ÷ 32 = 1.844. அதைத் தாண்ட செல்டிக் 71 கோலுக்குப் போகணும், அதாவது 9-0! அப்படி இருந்தால் ஹார்ட்ஸ் முன்னால் பாய்ந்தே இருக்காது. பின்னால் பத்து பேரை நிறுத்தி நேரத்தைக் கடத்தியிருக்கும். இரண்டாவது கோல் விழுந்திருக்காது என்றுகூடச் சொல்லலாம்.

ஆக, 59, 33, 67, 38 என்ற எண்களே அந்த விதிக்கு ஏற்ப ஆடியதால் வந்த எண்கள். ஒரு விதியில் பிறந்த டேட்டாவை எடுத்து இன்னொரு விதியில் போட்டால் வரும் விடை ஒரு நல்ல புதிர், தீர்ப்பு அல்ல. 1965க்கும் இதே எச்சரிக்கை. ஒரு கோலில் தோற்றாலும் பரவாயில்லை என்று தெரிந்து இறங்கிய அணி அது.

எனக்கு உறுத்துவது கடைசி நாள் இல்லை, ஆகஸ்ட் மாதம். மெக்ஸ்டே முதல் நாள் கடைசி நேரத்தில் அடித்த கோல் இல்லையென்றால் ஹார்ட்ஸுக்கு ஒரு புள்ளி கூடுதல், செல்டிக்குக்கு ஒன்று குறைவு. 51க்கு 49. வகுக்கவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். அடுத்த வாரம் லவ் ஸ்ட்ரீட்டில் வாங்கிய 6-2, 2-2 டிராவாக இருந்திருந்தாலும் அதே 51. அந்த இரண்டு மதியத்தையும் யாரும் படம் பிடித்துத் திரும்பத் திரும்பப் போடுவதில்லை. ஆல்பர்ட் கிட்டின் இரண்டு கோலைத்தான் போடுகிறார்கள்.

கடைசியா, வீட்டுப்பாடம். 2002-03 ஸ்காட்டிஷ் பிரீமியர் லீக், வெற்றிக்கு 3 புள்ளி. ரேஞ்சர்ஸ் 38 ஆட்டம், 31 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி, 101 அடித்து 28 வாங்கியது. செல்டிக் அதே 31, 4, 3. 98 அடித்து 26 வாங்கியது. இரண்டுக்கும் 97 புள்ளி. கடைசி நாள் 2003 மே 25. ரேஞ்சர்ஸ் டன்ஃபெர்ம்லினை 6-1 என்று ஜெயித்தது, ஆறாவது கோல் கூடுதல் நேரத்தில் மிக்கேல் அர்த்தேத்தா அடித்த பெனால்டி. ஆமாம், இப்போ ஆர்சனல் மேனேஜராக இருக்காரே, அவரேதான். செல்டிக் அதே நேரத்தில் கில்மார்னாக் மைதானத்தில் 4-0 என்று ஜெயித்தது, ஆனால் நடுவில் ஒரு பெனால்டியை ஆலன் தாம்ப்ஸன் வெளியே அடித்துவிட்டார்.

கழித்தால் யார் சாம்பியன்? வகுத்தால் யார்? கால்குலேட்டரைத் தொடாமல், அந்தக் காபிக் கணக்கை வைத்தே சொல்லுங்க. தாம்ப்ஸனின் பெனால்டி உள்ளே போயிருந்தால் கோல் வித்தியாசம் எத்தனைக்கு எத்தனை? அப்புறம் எந்த எண்ணைப் பார்ப்பீங்க?